ஜன்னலில் மூவாயிரம்

எனக்குக் கோபம் அதிகம் என்று துனிஸ் நகரம் முழுக்கச் சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்? இருபத்தேழு வருஷம் விமானம் ஓட்டியவனை, அதில் பத்தொன்பது வருஷம் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தவனை, ஒரு குமிழைத் தப்பாகத் திருகிவிட்டான் என்று வலது பக்கம் தள்ளி உட்காரச் சொல்வார்களாம். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் துணை விமானி. நடுவில் மூன்றடி தூரம் கூட இருக்காது. அந்த மூன்றடியைக் கடக்க வைத்தால் ஏரியில் விழுந்து செத்துவிடுவேன் என்று என் மனைவி ராதியாவிடம் சொன்னேன்.

"நம்ம ஏரில முழங்கால் தண்ணிதாங்க இருக்கு," என்றாள். "கடலுக்குப் போறதுன்னா பஸ் இருக்கு."

இவள்தான் எனக்கு ஆறுதல்.

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்களை சிமுலேட்டர் என்கிற பெட்டிக்குள் உட்கார வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு இரும்புக் கால் முளைத்த குடிசை. உள்ளே அசல் விமானி அறை. மார்ச் மாதப் பரீட்சையில் ஆட்டோபைலட் விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தது. ஓடுதளம் கிட்ட வந்துவிட்டது, நானோ வேண்டியதைவிட உயரத்தில் இருந்தேன். காரில் மேட்டிலிருந்து இறங்கும்போது என்ன செய்வோம்? வேகத்தைக் குறைப்போம். நானும் வேகக் குமிழைத் திருகிக் குறைத்தேன். விமானத்தின் மூக்கு மேலே எழுந்தது, இறக்கம் மந்தமானது. இன்னும் குறைத்தேன். மூக்கு இன்னும் எழுந்தது. கடைசியில் ஓடுதளத்தை ஆயிரத்து நானூறு அடி உயரத்தில் கடந்து போனேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த பரீட்சை அதிகாரி கேப்டன் நாயிலா, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "எறங்கப் போறீங்களா கேப்டன், இல்ல ஊர் சுத்திக் காட்டறீங்களா?"

தோல்வி. செப்டம்பரில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் போனால் வலது நாற்காலி. இப்படி ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. அதை ராதியாதான் பிரித்துப் படித்தாள்.

படித்துவிட்டு என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். கோதுமை ரவைக் குஸ்குஸ் ஆவியில் வேகும் பானையைக் காட்டினாள். "உங்க ஆட்டோபைலட்டு என்னதான் பண்ணுது, எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். இறங்குவதற்கு இரண்டு வழி. முதல் வழியில் இன்ஜினை ஓய்வில் போட்டுவிட்டு அதை அப்படியே விட்டுவிடும். வேகத்தைப் பிடிப்பது மூக்கின் வேலை. வேகம் கூடினால் மூக்கைத் தூக்கும், குறைந்தால் தாழ்த்தும். இரண்டாவது வழியில், நிமிடத்துக்கு இத்தனை அடி இறங்கு என்று நாம் ஒரு கணக்கைக் கொடுக்கிறோம். மூக்கு அந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும். வேகத்தைப் பிடிப்பது அப்போது இன்ஜினின் வேலை. ஏறுவதற்கும் இதேதான். ஒரே வித்தியாசம், முதல் வழியில் இன்ஜின் ஓய்வில் இருக்காது, முழு பலத்தில் நிற்கும்.

"அட, இவ்வளவுதானா?" என்றாள். "அடுப்பச் சின்னதா வச்சு அதத் தொடாம, மூடியத் தூக்கித் தூக்கி ஆவியச் சரி பண்றது ஒண்ணு. மூடிய ஒரே எடத்துல வச்சிட்டு அடுப்ப ஏத்தி எறக்கறது இன்னொண்ணு. அடுப்பு இன்ஜின், மூடி மூக்கு, ஆவி வேகம். மார்ச்ல நீங்க அடுப்பையும் தொட முடியாம, ஆவியக் குறைன்னு மூடியப் போட்டுப் பாடாப் படுத்திருக்கீங்க. அது தெறந்துக்காம என்ன செய்யும்?"

பயிற்சிப் பள்ளியில் மூன்று மாதம் சொல்லிக் கொடுத்ததை அவள் முப்பது வினாடியில் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் வழிக்கு 'விட்டு இறங்குவது' என்றும் இரண்டாவதுக்கு 'அளந்து இறங்குவது' என்றும் அவளே பெயர் வைத்தாள். அன்றிலிருந்து நான் ஷூ மாட்டும்போதும், பல் தேய்க்கும்போதும், குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்பாள்: "வேகம் யார் கையில?" நான் உள்ளிருந்து, "மூக்கு கையில!" என்று கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

இதில் லுத்ஃபி எங்கே வந்தான் என்று சொல்ல வேண்டும்.

லுத்ஃபி ஸஃபாக்ஸ் ஊர்க்காரன். எங்கள் கம்பெனியில் துணை விமானி. என்னைவிட நாலு வயது இளையவன். கேப்டன் ஆக வேண்டியவர்கள் வரிசையில் அவன்தான் முதல். இடது நாற்காலி ஒன்று காலியானால் மறுநாளே அவன் போய் உட்காரலாம். இது போதாதென்று அவன் மகன் அனிஸுக்கும் என் மகள் யுஸ்ராவுக்கும் அக்டோபரில் கல்யாணம். அதாவது, நான் தோற்றால் என் நாற்காலியில் உட்காரப் போவது என் சம்பந்தி.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மீனைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஹல்குல் வாத் கடற்கரைக் கடையில் உட்கார்ந்து இருவரும் முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த ப்ரீக் தின்றுகொண்டிருந்தோம். அவன் மெதுவாக ஆரம்பித்தான். கல்யாணம் முடிந்த ஏழாம் நாள், புதுப்பெண் பெரிய மீன் ஒன்றை ஏழு தடவை தாண்டியாக வேண்டுமாம். ஸஃபாக்ஸ் வழக்கமாம். அவன் அம்மா தாண்டினாளாம், அவன் மனைவி தாண்டினாளாம். அன்றைய குஸ்குஸிலும் ஆட்டுக்கறி கிடையாது, மீன்தானாம்.

"என் பொண்ணு பல் டாக்டர்," என்றேன். "அவ மீனத் தாண்ட மாட்டா."

"பல் டாக்டருக்குக் கால் இல்லையா சம்பந்தி?"

"கால் இருக்கு. மானமும் இருக்கு. துனிஸ்ல நாங்க மீனத் திம்போம். தாண்ட மாட்டோம்."

"அப்ப எங்க அம்மாவுக்கு மானம் இல்லங்கறீங்களா?"

நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. ஸஃபாக்ஸ் ஊரைப் பற்றி ஏதோ சொன்னேன், மீனைப் பற்றியும் சொன்னேன், அவன் அம்மாவைப் பற்றி நிச்சயமாகச் சொல்லவில்லை. கோபத்தில் ப்ரீக்கைப் பிடித்த பிடியில் அதன் வயிற்றிலிருந்த முட்டை பீறிக்கொண்டு வந்து என் சட்டையில் வழிந்தது. அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. எழுந்து நின்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"இனிமே என்கிட்ட வாயத் தொறக்காத! உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது!"

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், யுஸ்ரா சோபாத் தலையணைகளைத் தரையில் வரிசையாகப் போட்டுத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். கல்யாண உடை இறுக்குகிறது போல, உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சட்டையை ஊறப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பரீட்சைப் பட்டியல் வந்தது. இடது பக்கம்: கேப்டன் ஷெத்லி. அது நான். வலது பக்கம்: லுத்ஃபி. அதிகாரி: நாயிலா.

"நல்லதாப் போச்சு," என்றாள் ராதியா. "அவரு பேசித்தானே ஆகணும்."

"பேசினா கொன்னுடுவேன்."

"பேசாட்டி நீங்க தோத்துடுவீங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெட்டிக்குள் ஏறினோம். லுத்ஃபி, "காலை வணக்கம், கேப்டன்," என்றான். சம்பந்தி இல்லையாம், கேப்டனாம். நானும், "வணக்கம், துணை விமானி அவர்களே," என்றேன். நாயிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருக்கும் திரையின் உச்சியில் சில பச்சை எழுத்துகள் இருக்கும். இப்போது வேகம் யார் கையில், மூக்கு எதைப் பிடித்திருக்கிறது, இன்ஜின் என்ன செய்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வரும். குமிழைத் திருகினால் நாம் நினைத்தது நடக்கும் என்று நம்பக் கூடாது. அந்த எழுத்தைப் படித்தால்தான் என்ன நடக்கிறது என்று தெரியும். அது மாறும்போதெல்லாம் ஓட்டுகிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தன் கண்ணாலும் பார்த்துவிட்டு, "பார்த்தேன்," என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் படிக்க மறந்தால் மற்றவர் படிக்க வேண்டும்.

லுத்ஃபி புத்தகத்தில் உள்ளதை மட்டும் பேசினான். புத்தகத்துக்கு வெளியே ஒரு இருமல் கூட இல்லை. நான் ஓட்டினேன், ஆட்டோபைலட்டைப் போட்டேன், முழு பலத்தில் விட்டு ஏறினோம்.

"இன்ஜின் ஏறு பலம், மூக்கு வேகத்தில்," என்று படித்தேன்.

"பார்த்தேன்."

இருபத்தொன்பதாயிரம் அடியில் நாயிலா தரைக் கட்டுப்பாட்டுக்காரர் போலக் குரலை மாற்றிக்கொண்டு, சீக்கிரம் ஏறச் சொன்னாள். ஏறுகிறேன் பார் என்று அளந்து ஏறும் வழிக்கு மாற்றி, நிமிடத்துக்கு மூவாயிரம் அடி என்று வைத்தேன். மூக்கு சட்டென்று நிமிர்ந்தது. ஆனால் அந்த உயரத்தில் இன்ஜினுக்கு ஏது அவ்வளவு பலம்? இருக்கிறதையெல்லாம் கொடுத்துவிட்டது. மூக்கோ சொன்ன மூவாயிரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வேகம் மளமளவென்று கரைந்தது.

"வேகம்," என்றான் லுத்ஃபி. புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கிறது.

"தெரியுது."

"வேகம்."

"தெரியுதுன்னு சொன்னேனில்ல!"

உயரக் குமிழை வெடுக்கென்று இழுத்தேன். அதை இழுத்தால், 'ஜன்னலில் வைத்திருக்கும் உயரத்துக்கு விட்டுப் போ' என்று அர்த்தம். ஜன்னல் என்பது குமிழுக்கு மேலே இருக்கும் சின்னக் கண்ணாடிக் கட்டம். நாம் போக வேண்டிய உயரத்தை அதில் வைப்போம். இழுத்ததும் மூக்கு தாழ்ந்தது, வேகம் திரும்பி வந்தது, உயிரும் வந்தது. ராதியாவின் அடுப்பும் மூடியும்தான் காப்பாற்றின. இந்தக் குமிழுக்கு முத்தம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பிறகு என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

மார்ச்சில் என்னைக் கவிழ்த்த இறக்கத்தை நாயிலா மறுபடி வைத்தாள். இந்தத் தடவை வேகக் குமிழின் பக்கமே நான் போகவில்லை. இறக்கைமேல் தடுப்புப் பலகையை விரித்து, அழகாக உயரத்தைக் கரைத்தேன். நாயிலா ஏதோ குறித்துக்கொண்டாள். நான் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"கடைசியா ஒண்ணு," என்றாள். "ஸஃபாக்ஸ்ல எறக்குங்க. சரிவு காட்டற கருவி இன்னிக்கி வேலை செய்யல. நீங்களே அளந்து எறங்கணும்."

ஸஃபாக்ஸாம்! உலகத்தில் வேறு ஊரே இல்லையா? ஓரக்கண்ணால் பார்த்தேன். லுத்ஃபியின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அளந்து இறங்க ஆரம்பித்தோம். விதிப்படி, ஒருவேளை இறங்க முடியாமல் திரும்ப மேலே போக வேண்டி வந்தால் எந்த உயரத்துக்குப் போக வேண்டுமோ, அதை முன்கூட்டியே ஜன்னலில் வைத்துவிட வேண்டும். என் கையாலேயே மூவாயிரம் அடி வைத்தேன். "ஜன்னலில் மூவாயிரம்," என்று சொன்னேன். "பார்த்தேன்," என்றான்.

நாயிலா பின்னால் ஏதோ விசையைத் தட்டினாள். விமானத்தைப் பின்னாலிருந்து காற்று தள்ளியது. ஆயிரத்து எண்ணூறு அடியில் பார்க்கிறேன், மறுபடியும் வேண்டியதைவிட உயரத்தில் இருக்கிறேன். மார்ச் மாதம் முழுக்கக் கண்முன் வந்துவிட்டது. அந்தக் காபி பிளாஸ்க், அந்தக் கடிதம், அந்த வலது நாற்காலி. சீக்கிரம் இறங்கு, சீக்கிரம் இறங்கு என்று மனசு அடித்துக்கொண்டது. என் கை தானாகப் போய் உயரக் குமிழை இழுத்தது.

இன்ஜின் இரண்டும் வீறிட்டன. மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. ஸஃபாக்ஸ் ஓடுதளம் கண்ணாடிக்குக் கீழே மறைந்து போனது.

"என்னது இது! எறங்கச் சொன்னா ஏறுது!" என்று கத்தினேன். "பெட்டி கெட்டுப் போச்சு! நாயிலா, உங்க பெட்டி கெட்டுப் போச்சு!"

"இன்ஜின் ஏறு பலம், மூக்கு வேகத்தில், ஜன்னலுக்கு ஏறுகிறது," என்று லுத்ஃபி பச்சை எழுத்தைப் படித்தான். குரலில் ஒரு உணர்ச்சியும் இல்லை. என்னைக் கிண்டல் செய்கிறான் என்றே நினைத்தேன். ரத்தம் தலைக்கேறியது. ஆட்டோபைலட்டை அறுத்துவிட்டு, பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து மூக்கைக் கீழே அமுக்கினேன். இன்ஜின் முழு பலத்தில் கத்திக்கொண்டிருக்க, தரை சாய்ந்து மேலே வந்தது.

"சம்பந்தி!"

மூன்று வாரமாக அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை.

"சம்பந்தி, விடுங்க! ஜன்னல்ல மூவாயிரம் இருக்கு! நீங்கதான் வச்சீங்க! நாம அதுக்குக் கீழ இருக்கோம், இழுத்தா ஏறாம என்ன செய்யும்? அமுக்காதீங்க! மேல போயிடலாம். அல்லாமேல ஆணையாச் சொல்றேன், மேல போயிடலாம்!"

மேலே பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் கட்டத்துக்குள் மூவாயிரம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. நானே வைத்தது. 'ஜன்னலுக்குப் போ' என்றேன், போகிறது. பாவம், அதன்மேல் என்ன தப்பு?

"மேல போறோம்," என்றேன். இன்ஜின் விசையை முழுக்க முன்னால் தள்ளினேன், சக்கரத்தை மடக்கச் சொன்னேன். லுத்ஃபி கடகடவென்று எல்லாம் செய்தான். மூவாயிரத்தில் விமானம் சாதுவாக நிமிர்ந்து நின்றது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாயிலா பெட்டியை நிறுத்தினாள்.

வெளியே சின்ன அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நாயிலா பிளாஸ்கைத் திறந்தாள்.

"கேப்டன் ஷெத்லி, குமிழ இழுத்தது தப்பு. மறதி, பதற்றம், சரி. அமுக்கினது அதவிடப் பெரிய தப்பு. ஆனா விட்டுட்டு மேல போனீங்க பாருங்க, அதுக்காகத்தான் இன்னும் இந்தப் பேப்பர்ல தோல்வின்னு எழுதாம வச்சிருக்கேன்." லுத்ஃபியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒரு கேள்வி. அவரு கை அந்தக் குமிழுக்குப் போறத நீங்க பார்த்தீங்களா?"

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பழி முழுக்க என்மேல் விழும், நான் வலது பக்கம் போவேன், அவன் இடது பக்கம் வருவான். ஒரே ஒரு வார்த்தை. அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தேன்," என்றான்.

"எப்ப?"

"இழுக்கறதுக்கு முன்னாடி. ரெண்டு செகண்டு முன்னாடி."

"ஏன் சொல்லல?"

நாயிலா பேனா மூடியைத் திறந்தாள். "பார்க்காதவன மன்னிக்கலாம். பார்த்துட்டுச் சும்மா இருந்தவன எங்க உக்கார வைக்கறது? இத நான் எழுதினா உங்க கேப்டன் பேச்சு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழாது, தெரியுமில்ல?"

"தெரியும்."

அவமானமாக இருந்தது, சொல்வதற்கென்ன. இருபத்தேழு வருஷத்தில் அவ்வளவு அவமானம் பட்டதில்லை. "அவன எழுதாதீங்க," என்றேன். "நான்தான் சொன்னேன். என்கிட்ட வாயத் தொறக்காதன்னு சொன்னேன். கடை முழுக்கக் கேட்டுது."

"எதுக்காக?"

"மீன்."

நாயிலா பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன மீன்?"

"களவா."

"எத்தன கிலோ?"

"அது இன்னும் முடிவாகல."

அவள் நாற்காலியில் சாய்ந்து கூரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பெட்டி இன்னும் நாப்பது நிமிஷம் நம்ம கையில இருக்கு. பத்து நிமிஷம் தரேன். போய் மீன முடிச்சிட்டு வாங்க. அதே ஸஃபாக்ஸ், அதே காத்து. ஒழுங்கா எறக்கினா ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துலயே இருங்க. இல்லன்னா ரெண்டு பேரையும் சேத்து எழுதிடுவேன்."

காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம். லுத்ஃபிதான் முதலில் பேசினான்.

"பொய் சொல்ல மாட்டேன் சம்பந்தி. அந்த ரெண்டு செகண்டுல எனக்கு இடது நாற்காலி தெரிஞ்சுது. அதுல வெயில் விழறது கூடத் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்ஜின் கத்துச்சு. நீங்களும் கத்தினீங்க. உங்க சத்தந்தான் பெருசா இருந்துது. எனக்குப் பயம் வந்துடுச்சு. மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா? சட்டைல முட்டையோட நின்னீங்களே, அத நெனச்சா சிரிப்பும் வருது, அழுகையும் வருது."

எனக்கும் இரண்டும் வந்தது. அவன் தோளைப் பிடித்தேன். இனி நான் பெரிய மனசு பண்ண வேண்டிய இடம் என்று தோன்றியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "லுத்ஃபி, கேட்டுக்கோ. என் பொண்ணு மீனத் தாண்டுவா. ஏழு தடவை தாண்டுவா. இப்பவே அவகிட்டச் சொல்றேன், பாரு."

போனை எடுத்து யுஸ்ராவைக் கூப்பிட்டேன். பின்னணியில் பல் துளைக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, சீக்கிரம் சொல்லுங்க, ஒருத்தர் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு."

"மகளே, மனசத் தேத்திக்கோ. அப்பா ஒரு முடிவு எடுத்திருக்கேன். நீ மீனத் தாண்டணும்."

"அதான் ஜூலைலயே அத்தைகிட்டச் சரின்னு சொல்லிட்டேனே! பதினாலு கிலோ களவா, சொல்லியாச்சு. வீட்லதான் தெனம் தலகாணிய வச்சுத் தாண்டிப் பழகறேன். நீங்க பார்க்கலையா? சரி, வச்சிடறேன்."

போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். லுத்ஃபிக்கும் இது புதுச் செய்தி என்பது அவன் முகத்தில் தெரிந்தது. இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடித்த கல்யாணத்தில் நாங்கள் இருவரும் மூன்று வாரம் தனியாகப் போர் நடத்தியிருக்கிறோம். காபியைக்கூடக் குடிக்காமல் பெட்டிக்குத் திரும்பினோம்.

மறுபடியும் ஸஃபாக்ஸ். மறுபடியும் அளந்து இறங்கினோம். "ஜன்னலில் மூவாயிரம்." "பார்த்தேன்." முதுகில் காற்று. ஆயிரத்து எண்ணூறு அடி. மறுபடியும் உயரத்தில் இருந்தேன். மறுபடியும் மார்ச் மாதம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை மறுபடியும் அந்தக் குமிழை நோக்கிப் போனது.

"சம்பந்தி, கை."

கை அந்தரத்தில் நின்றது. ஒரு குமிழ் தள்ளி நகர்ந்தது. நிமிடத்துக்கு எழுநூறு அடி என்பதை ஆயிரம் என்று வைத்தேன். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. வேகம் கூடாமல் இன்ஜின் தானே அடங்கியது.

"வேகம் யார் கையில?" என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"இன்ஜின் கையில," என்றான் லுத்ஃபி.

"பார்த்தேன்," என்றேன். ஓட்டுகிறவன் சொல்லக் கூடாத வார்த்தை அது. நாயிலா கேட்டும் கேளாதது போல இருந்தாள். ஓடுதளம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சக்கரம் தொட்டது.

அவள் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காரில் வைத்து லுத்ஃபியும் நானும் படித்தோம். 'தவறுக்குக் காரணம்' என்ற இடத்தில் 'மீன்' என்று மட்டும் எழுதியிருந்தாள். இன்னும் என் கோப்பில் அது இருக்கிறது.

கல்யாணத்தின் ஏழாம் நாள், ஸஃபாக்ஸில் லுத்ஃபி வீட்டு முற்றத்தில், பதினாலு கிலோ களவா ரிப்பன் கட்டிக்கொண்டு தாம்பாளத்தில் படுத்திருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். என் பல் டாக்டர் மகள் புது உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏழு தடவையும் ஒரு சொட்டு மீன் தண்ணீர் காலில் படாமல் தாண்டினாள். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அங்கே யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் ராதியாவிடம் சண்டைக்குப் போனேன். வீட்டுத் தலைவன் நான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"மறைச்சா வச்சோம்?" என்றாள். "மூணு மாசமா பொண்ணு உங்க கண்ணு முன்னாடி தலகாணியத் தாண்டறா. மீனுக்கு ரிப்பன் நான் உங்க மடியில வச்சுத்தான் சுருட்டினேன், நுனியப் பிடிச்சுக் குடுத்ததே நீங்கதான். எல்லாம் பச்சைப் பசேல்னு எழுதியிருந்துது. இந்த வீட்ல அதப் படிக்காத ஒரே ஆளு நீங்கதாங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஸஃபாக்ஸ்காரர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா?

"அதெல்லாம் பார்த்தேன்," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லுத்ஃபி, மீன் குஸ்குஸை என் தட்டில் தள்ளிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"இல்ல சம்பந்தி. நீங்க பார்க்கல."

வாயை மூடு என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.